எல்லாம் வல்லவனும் தலைவிதியும்

சேலம் சமவெளியில் சமய வாதங்கள்: பகுதி 9

கடவுள் எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், எல்லையற்ற அருளுடையவர் என்னும் மூன்றையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளும் எந்தச் சமயமும், உலகில் துன்பம் ஏன் இருக்கிறது, மனிதன் ஏன் தவறு செய்கிறான் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. வல்லமையும் அருளும் உண்டென்றால் துன்பத்தைத் துடைக்காதிருப்பதற்குக் காரணம் வேண்டும். மனிதன் செய்வதெல்லாம் திருவுள்ளப்படியே நடக்கிறது என்றால் அவன் செய்த குற்றத்துக்கு அவனைத் தண்டிப்பது முறையாகாது. அவன் தன்னிச்சையாகவே நடக்கிறான் என்றாலோ கடவுளின் வல்லமைக்கு அங்கே ஓர் எல்லை விழுந்துவிடுகிறது. மேற்கே இச்சிக்கலின் மூலவராகக் கிரேக்க அறிஞர் எபிகியூரசைச் சுட்டுவது வழக்கம். தமிழிலோ அது சங்கப் பாட்டிலேயே கிடக்கிறது. ஒரு வீட்டில் சாவுப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிக்கக் கண்ட பக்குடுக்கை நன்கணியார், புறநானூற்றின் 194ஆம் பாட்டில், இப்படி ஓர் உலகைப் படைத்தவனைப் பண்பற்றவன் என்றே சாடுகிறார். இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்று விதித்திருந்தால் அப்படி விதித்தவனே அலைந்து கெடட்டும் என்று திருக்குறளின் இரவச்சம் அதிகாரம் சபிக்கிறது. இவ்விருவரும் கடவுளை மறுத்தவர்கள் என்று சொல்லச் சான்று இல்லை. நடப்பதற்குப் பொறுப்பு யாருடையது என்று கேட்டவர்கள் அவர்கள். பின்னாளில் சேலம் சமவெளியில் எழுந்த வாதங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியையே சுற்றி வந்தன.

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், போதமலையும் கொல்லிமலையும் அருகே தெரிய அமைந்திருக்கும் நாமகிரிப்பேட்டை, 1997 சனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மஞ்சளுக்கும், ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட நாகசுரக் கலைஞர் கிருஷ்ணனுக்கும் பெயர்பெற்ற இவ்வூர், நாமக்கல் மலையடியில் நரசிம்மருடன் கோயில்கொண்டிருக்கும் நாமகிரித் தாயாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேற்கே காவிரிக்கு அப்பால் ஈரோடு, வடக்கே சேலம். தெய்வத்தின் பெயரால் அமைந்த ஊர்களும், தெய்வத்தை மறுத்த இயக்கத்தின் பிறப்பிடமும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கிவிடும் நிலப்பரப்பு இது.

இச்சமவெளியின் சிவன் கோயில்களுக்குத் தத்துவப் பின்புலமாக அமைந்த சைவ சித்தாந்தம், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாராலும் அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியாராலும் முறைப்படுத்தப்பட்டபோது, மேற்சொன்ன சிக்கலுக்கு ஒரு விரிவான விடையை உருவாக்கியது. அதன்படி இறைவன், உயிர், தளை என்னும் மூன்றும் தொடக்கமற்றவை. உயிரை யாரும் படைக்கவில்லை. அதைப் பற்றியிருக்கும் ஆணவம் என்னும் அறியாமை இருளையும் யாரும் உண்டாக்கவில்லை. ஆகவே துன்பத்தின் வேர் இறைவனிடத்தில் இல்லை. உயிர் செய்யும் செயல்களின் பயனாகிய கன்மம் மூவகைப்படும்: முற்பிறவிகளில் ஈட்டிச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம், நுகரும்போதே புதிதாகச் சேர்வது ஆகாமியம். நாமகிரிப்பேட்டை மஞ்சள் விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். இருப்பு வைத்த மஞ்சள் ஒன்று, சந்தைக்கு வந்து காசாகிக்கொண்டிருப்பது ஒன்று, அடுத்த பட்டத்துக்கு ஊன்றுவதற்கென எடுத்துவைத்த விதைக்கிழங்கு ஒன்று. மனிதனின் தன்னிச்சைக்குச் சித்தாந்தம் ஒதுக்கித் தந்த இடம் பெரும்பாலும் இந்த விதைக்கிழங்கில்தான் இருக்கிறது.

வினையே பயன் தந்துவிடும் என்றால் இறைவன் எதற்கு என்று மீமாம்சகர்கள் கேட்டனர். வேதச் சடங்குகளுக்குத் தாமே பயன் தரும் ஆற்றல் உண்டு என்று கொண்ட தத்துவப் பிரிவினர் அவர்கள். கன்மம் அறிவற்ற சடப்பொருள் ஆதலால், செய்தவன் இவன் என்று கண்டு தானே சென்று அவனைப் பற்ற அதற்கு இயலாது, அறிவுடைய ஒருவன் கூட்டுவிக்க வேண்டும் என்பது சித்தாந்திகளின் மறுமொழி. இவ்வாறு வல்லமை இறைவனுக்கும் பொறுப்பு உயிருக்கும் எனப் பிரிக்கப்பட்டது. தத்துவ நோக்கில் இது நேர்த்தியான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் சேரியில் பிறந்தவன் சேரியில் பிறந்ததற்கும், இளம் வயதில் விதவையானவள் அப்படி ஆனதற்கும் அவரவர் முன்வினையே காரணம் என்று சொல்லும் வாய்ப்பையும் அதே ஏற்பாடு திறந்துவிட்டது. நூல்களில் நுண்மையாக இருந்த கொள்கை ஊருக்குள் வந்தபோது தலையெழுத்து, தலைவிதி என்னும் இரண்டு சொற்களாகச் சுருங்கி, ஆகாமியம் மறக்கப்பட்டு, பிராரத்தம் மட்டுமே மிஞ்சியது. பெரியாரின் சுயமரியாதை இயக்கம் பின்னர் அடித்தது இந்த மிச்சத்தைத்தான்.

வைணவத்தில் அதே வினா வேறு வடிவம் கொண்டது. திருமாலின் அருளைப் பெற உயிர் தன் பங்குக்கு ஏதேனும் செய்ய வேண்டுமா என்பதில், வேதாந்த தேசிகரைப் பின்பற்றிய வடகலையார், தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைச் சான்றாகக் காட்டினர். பிள்ளை லோகாசாரியர், மணவாள மாமுனிகள் வழிவந்த தென்கலையார், தாய் தானே வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைக் காட்டினர். முன்னது மர்க்கட நியாயம் என்றும் பின்னது மார்ச்சார நியாயம் என்றும் வழங்கப்படும். கிறித்தவத்தில் அகஸ்டினும் பெலாஜியசும், பின்னர் கால்வினின் வழியினரும் ஆர்மீனியசின் வழியினரும் மோதியதும், இசுலாத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் மனிதச் செயலுரிமையை வலியுறுத்திய கதரியாக்களும் அதை மறுத்த ஜபரியாக்களும் மோதியதும் இதே இடத்தில்தான். தமிழகத்தில் அது காலப்போக்கில் எந்தத் திருமண் இடுவது, யார் முன்னே பாசுரம் பாடுவது என்னும் கோயில் வழக்குகளாகச் சிறுத்துப்போனது வேறு கதை.

படைப்புக் கடவுளையே ஏற்காத சமயங்களும் இந்நிலத்தில் வாழ்ந்தன என்பது சித்தாந்தத்துக்கும் வைணவத்துக்கும் பழக்கப்பட்ட காதுகளில் எளிதில் ஏறுவதில்லை. சமணமும் பௌத்தமும் வினையை ஏற்று, வினைக்கு மேலே ஓர் ஆண்டவனை ஏற்க மறுத்தவை. ஆசீவகம், எல்லாம் ஊழின்படியே நிகழும் என்று கொண்டு மனித முயற்சியின் பயனையே மறுத்தது. உலகாயதம், கண்ணால் கண்டதே சான்று என்று சொல்லி வினை, மறுபிறப்பு, கடவுள் ஆகிய மூன்றையும் தள்ளியது. இவற்றைத் தன் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் ஒவ்வொன்றாக எடுத்து மறுத்த அருணந்தியார், உலகாயதனின் வாதத்தையும் வரிசை குலையாமல் முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார்; எதிராளியின் கருத்தை அவன் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லிப் பிறகு மறுக்கும் அந்த மரபு, பிற்கால மேடைகளில் இரு தரப்பிலும் அருகிவிட்டது.

சேலம் பெரியேரியில் இருக்கும் தலைவெட்டி முனியப்பன் கோயில் இவ்வகையில் தனியே நோக்கத்தக்கது. தலை துண்டிக்கப்பட்டுப் பின்னர் சுண்ணாம்பும் சிமெண்டும் கொண்டு ஒட்டப்பட்ட ஒரு கற்சிலையை முனியப்பனாக மக்கள் வழிபட்டு வந்தனர். அறநிலையத் துறையும் அதைத் தன் பொறுப்பில் கொண்டிருந்தது. அது புத்தர் சிலை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆய்வு செய்யச் சொன்னது. தாமரைப் பீடத்தின்மேல் அரைத் தாமரை இருக்கையில் அமர்ந்து, கைகளைத் தியான முத்திரையில் மடியில் வைத்திருக்கும் அவ்வுருவம் புத்தருக்குரிய இலக்கணங்களைக் கொண்டது என்று வல்லுநர் குழு அறிக்கை தந்தது. 2022 சூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கவும், இது புத்தர் சிலை என்று பலகை வைக்கவும், அங்கே பூசை நடத்தாதிருக்கவும் ஆணையிட்டார். உலகைப் படைத்தவன் யார் என்னும் கேள்வியே விடுதலைக்கு உதவாது என்று ஒதுக்கிய ஓர் ஆசான், அதே மண்ணில் காவல் தெய்வமாகி வேண்டுதல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைவிட, நம்பிக்கைக்கும் மறுப்புக்கும் இடையே இங்கிருந்த கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாமகிரித் தாயாரின் பெயர் இங்கிலாந்து வரை சென்றது. ஈரோட்டில் 1887 திசம்பர் 22 அன்று பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச ராமானுஜத்தின் குலதெய்வம் இத்தாயார்தான். கடல் கடந்து செல்லக் குடும்பம் தயங்கியபோது, தாயாரே கனவில் வந்து தடை சொல்ல வேண்டாம் என்றதாக அவர் அன்னை கோமளத்தம்மாள் உரைத்த பிறகே 1914 மார்ச்சில் அவர் கப்பல் ஏறினார். தேற்றங்களைத் தாயார் கனவில் அருளினாள் என்று அவர் நம்பியதாக அவரை அறிந்த தமிழர்கள் எழுதிவைத்தனர். கேம்பிரிட்ஜில் அவரோடு உழைத்த ஜி.எச். ஹார்டியோ கடவுளை வெளிப்படையாக மறுத்தவர். எல்லாச் சமயங்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு உண்மையானவையாகத் தமக்குத் தோன்றுவதாக ராமானுஜம் தம்மிடம் சொன்னதைப் பதிவு செய்து, அவருடைய சமயம் ஆசாரத்தைச் சார்ந்ததேயன்றி ஆழ்ந்த கோட்பாட்டைச் சார்ந்ததன்று என்று முடிவு கட்டினார். அம்முடிவு சரியா என்று தீர்ப்பது கடினம். பிரிட்டனில் ஒரு நாத்திக நண்பரிடம் ஒரு வைணவர் எதைச் சொல்வார், எதை அடக்கிக்கொள்வார் என்பதை ஹார்டி கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. இங்கும் பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி. துன்பத்துக்கான பொறுப்பு என்பது போய், படைப்பாற்றலுக்கான பெருமை யாருக்கு என்று அது தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. தாயார் எழுதுவித்தாள் என்றால் ராமானுஜம் கருவி. அவர் தாமே கண்டறிந்தார் என்றால் தாயார் அவர் தன் உழைப்புக்குச் சூட்டிய பெயர். ஹார்டி இரண்டாவதையே வலியுறுத்தினார்.

அச்சில் வந்த தமிழ்க் கடவுள் மறுப்பு, பெரியாருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே சென்னையில் தொடங்கிவிட்டது. 1880களில் வெளிவந்த தத்துவ விவேசினி என்னும் இதழும் அதைச் சார்ந்த இலௌகிக சங்கமும், இங்கிலாந்தின் சார்லஸ் பிராட்லாவின் சுயசிந்தனை இயக்கத்தோடு உறவு வைத்திருந்தன. ஆனால் அது நகர்ப்புறக் கற்றோரின் வட்டத்துக்குள் நின்றுவிட்டது. சமவெளியின் ஊர்களுக்கு அவ்வாதத்தைக் கொண்டு வந்தது, 1925 மே 2 அன்று ஈரோட்டில் பெரியார் தொடங்கிய குடி அரசு வார இதழ்தான்.

1930 அக்டோபரில் லாகூர் சிறையில் இருந்தபடி, தான் ஏன் நாத்திகன் என்பதை விளக்கிப் பகத்சிங் எழுதிய கட்டுரை, அவர் தூக்கிலிடப்பட்ட பின் 1931 செப்டம்பர் 27 அன்று லாகூரின் ஆங்கில இதழான ‘பீப்பிள்’ வழியாக வெளிவந்தது. அதைப் ப. ஜீவானந்தம் தமிழாக்க, குடி அரசு அச்சகம் 1930களின் நடுவில் நூலாக வெளியிட்டது. அரசு நூலைத் தடை செய்து, மொழிபெயர்த்தவரையும் பெரியாரின் தமையனார் ஈ.வெ. கிருஷ்ணசாமியையும் கைது செய்தது. எல்லாம் வல்லமையைப் பற்றிய வாதம் தமிழ் உரைநடையில் நெற்றிக்கு நேராக வைக்கப்பட்டது இந்நூலில்தான் எனலாம். துயரம் நிறைந்த இவ்வுலகை எல்லாம் வல்லவன் ஏன் படைத்தான். அது அவனது சட்டம் என்றால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் எல்லாம் வல்லவன் ஆவது எப்படி. விளையாட்டு என்றால் ரோமை எரித்ததாகச் சொல்லப்படும் நீரோவைப் பழிப்பானேன். ஒருவன் பாவம் செய்ய முற்படும்போதே அவனைத் தடுக்காமல், செய்து முடித்த பின் தண்டிப்பது என்ன அருள் என்று அக்கட்டுரை அடுக்கிக்கொண்டே போகிறது. முன்வினையின் பயனே இப்பிறவியின் வறுமை என்னும் விடையையும் அது விட்டுவைக்கவில்லை. கல்வியும் செல்வமும் மறுக்கப்பட்டவனைப் பார்த்து அது உன் பாவம் என்று சொல்வது, மறுத்தவர்களுக்கு வசதியான கோட்பாடு என்பது அதன் கணிப்பு. சித்தாந்தி இதற்கு விடையில்லாதவர் அல்லர்: ஆணவம் தொடக்கமற்றது, தண்டனை என்பது நோயாளிக்குத் தரும் மருந்து போன்றது என்று அவர் சொல்வார். ஆனால் அவ்விடையைத் தெருமேடையில் நின்று, அதே எளிமையுடன், தாழ்த்தப்பட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முன்வந்த சித்தாந்திகள் மிகச் சிலரே.

பெரியாரும் அவர் தோழர்களும் தத்துவ நூல்களை எடுத்துக்கொண்டு சண்டையிடவில்லை. கோயிலுக்குப் பூட்டு எதற்கு, கோபுரத்துக்கு இடிதாங்கி எதற்கு என்று கேட்டனர். எல்லாம் அவன் செயல் என்று சொல்பவன் தன் வீட்டுக் கதவைத் தாழிடுவதைச் சுட்டிக்காட்டிய இக்கேள்விகள் தத்துவத்தில் முரட்டுத்தனமானவை என்றாலும், நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் உள்ள இடைவெளியை அளப்பதில் கூர்மையானவை. 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனபோது, பெரும் நிலக்கிழார்களும் பட்டம் பெற்றோரும் நிறைந்திருந்த ஒரு கட்சியின் இடத்தில், கடவுள் மறுப்பைத் தன் அடையாளங்களுள் ஒன்றாகக் கொண்ட இயக்கம் வந்து அமர்ந்தது. 1949 செப்டம்பரில் பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிய அண்ணா, திருமூலரைத் துணைக்கு அழைத்து ஒரே தேவன் என்னும் நிலைக்கு வந்ததும், தாம் பிள்ளையாரை உடைக்கவும் மாட்டோம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் மாட்டோம் என்ற பொருள்படப் பேசியதும், வாக்குப் பெட்டியை நோக்கிய பயணத்தில் மறுப்பு எவ்வளவு இளகியது என்பதைக் காட்டுகின்றன. பெரியார் இளகவில்லை. புத்தர் விழா நாளாகக் கொள்ளப்பட்ட 1953 மே 27 அன்று திருச்சி டவுன் ஹால் திடலில் அவர் களிமண் பிள்ளையாரை உடைத்தார். அது வழிபாட்டில் இருந்த சிலை அன்று என்று கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளிய பின், 1958இல் உச்ச நீதிமன்றம், ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் பொருள் எதற்கும் சட்டத்தின் காப்பு உண்டு என்று அவ்விளக்கத்தைத் திருத்திவிட்டு, காலம் கடந்துவிட்டதால் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

1967இல் திருவாரூரை அடுத்த விளமலில் பெரியார் அறிவித்த கடவுள் மறுப்பு வாசகம் இன்றும் அவர் சிலைகளின் பீடங்களில் காணப்படுகிறது. அதைக் கூர்ந்து படித்தால், கடவுள் இருக்கிறாரா என்பது தொடக்கத்திலேயே மும்முறை மறுக்கப்பட்டு முடிந்துவிடுவதையும், எஞ்சிய பகுதி முழுவதும் கற்பித்தவன், பரப்பியவன், வணங்குபவன் ஆகிய மனிதர்களைப் பற்றியது என்பதையும் காணலாம். எல்லாம் வல்லமை, தன்னிச்சை, முன்வினை ஆகிய எதுவும் அதில் இல்லை. வாதம் சுருங்கி முழக்கமானது அங்கேதான். அதற்கு ஒரு விலையும் இருந்தது.

அந்த விலை 1971 சனவரி 23, 24 ஆகிய நாள்களில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டில் தெரிந்தது. 24ஆம் நாள் ஊர்வலத்தில் புராணக் காட்சிகளை எள்ளும் உருவங்கள் ஊர்திகளில் எடுத்துச் செல்லப்பட்டன. சனசங்கத்தார் கறுப்புக்கொடி காட்டினர். 91 வயதுப் பெரியாரின் வண்டியை நோக்கி ஒரு செருப்பு பறந்து வந்து குறி தவறியது. அதை எடுத்த திராவிடர் கழகத்தவர் இராமர் உருவத்தை அதனால் அடித்தனர். இரு மாதங்களில் வரவிருந்த சட்டமன்றத் தேர்தலில் எதிர்க்கட்சிகள் இச்செய்தியை ஊர் ஊராகக் கொண்டு சென்றன. ஊர்வலத்தில் எந்தப் படம் எப்படி இருந்தது என்னும் தகராறு ஓயவே இல்லை. 2020 சனவரியில் துக்ளக் இதழின் பொன்விழாவில் நடிகர் ரஜினிகாந்த் அதைக் குறிப்பிட்டபோது அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே வேகத்தில் கிளம்பியது. எல்லாம் வல்லவன் ஏன் துன்பத்தை விட்டுவைத்தான் என்று கேட்க வேண்டிய ஒரு மாநாடு, யார் யாரைச் செருப்பால் அடித்தார் என்று நினைவுகூரப்படுவதாய் முடிந்ததில் இரு தரப்புக்கும் பங்குண்டு. கேட்டவர்கள் கேள்வியைக் காட்சியாக்கினர், விடை சொல்ல வேண்டியவர்கள் காட்சியைப் பிடித்துக்கொண்டு கேள்வியிலிருந்து நழுவினர். தேர்தலில் தி.மு.க. 1967இல் பெற்ற 137 இடங்களிலிருந்து 184 இடங்களுக்கு உயர்ந்தது. இதைக் கடவுள் மறுப்புக்குக் கிடைத்த வாக்கு என்று இயக்கத்தவர் சிலர் கொண்டாடியது பிழை. இந்திரா காங்கிரசுடன் அமைந்த கூட்டணியும் அரிசி விலையும் அந்த வெற்றிக்கு இராமர் படத்தைவிட நெருக்கமான காரணங்கள்.

சேலம் ஊர்வலத்தின் ஆரவாரத்தில், அதே மாதத்தில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் பலர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. சாதி பார்க்காமல் எவரும் கருவறைக்குள் செல்லும் உரிமைக்காகப் பெரியார் 1970 சனவரி 26ஆம் நாளுக்கென அறிவித்திருந்த கிளர்ச்சி, முதல்வர் மு. கருணாநிதியின் வேண்டுகோளால் தள்ளிவைக்கப்பட்டு, அதன் விளைவாக வாரிசு முறையில் அர்ச்சகர் ஆவதை ஒழிக்கும் திருத்தச் சட்டம் 1970 திசம்பரில் நிறைவேறி 1971 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. கடவுளே இல்லை என்பவர் கருவறை உரிமைக்குப் போராடுவானேன் என்று அன்று எள்ளியவர்கள், அவர் மறுத்தது எதை என்பதைக் கவனிக்கவில்லை. தீண்டக்கூடாதவன் என்று ஒருவனை விதித்தது இறைவனின் வல்லமையோ முன்வினையோ இல்லை, மனிதர்கள் தெரிந்தே எடுத்த முடிவு அது என்று நிறுவுவதற்குக் கருவறை வாசலைவிடப் பொருத்தமான இடம் அவருக்குக் கிடைத்திருக்காது. நன்கணியார் படைத்தவன் மீது சுமத்திய பொறுப்பை அவர் மனிதன் மீது திருப்பிவிட்டார்.

இச்சட்டத்தை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் 1972 மார்ச் 14 அன்று உச்ச நீதிமன்றம், அர்ச்சகரை நியமிப்பது சமயச் சார்பற்ற செயல் என்று கூறிச் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆனால் திருமேனியைத் தீண்டுவோர் யார் என்பதில் ஆகம விதிகள் தொடரும் என்றும் கூறிவிட்டது. 2006இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக ஆணை பிறந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் பயிற்சி முடித்தும், வழக்குகள் அவர்களைப் பல ஆண்டுகள் வெளியே நிறுத்தின. 2015 திசம்பர் 16 தீர்ப்பு, ஆகமத்தை ஒட்டியும் அரசியல் சட்டத்தை ஒட்டியும் ஒவ்வொரு கோயிலாகப் பார்த்து முடிவு செய்யச் சொன்னது. 2021 ஆகஸ்ட் 14 அன்று மயிலை கபாலீசுவரர் கோயிலில் நடந்த விழாவில், பயிற்சி பெற்ற 24 அர்ச்சகர்களுக்கு முதல்வர் மு.க. ஸ்டாலின் பணி ஆணைகளை வழங்கினார். அந்நியமனங்களை எதிர்த்து மீண்டும் வழக்குகள் தொடுக்கப்பட்டன.

(தொடரும்)